பூட்டில்லாத காப்பு



காப்பு என்பது தமிழில் இருபொருள் தரும் ஒரு சொல். கையில் அணியும் வளையத்தை அது குறிக்கும். காத்தல் என்னும் தொழிலையும் அதுவே குறிக்கும். நூலின் தொடக்கத்திற் புலவர் பாடுவது காப்பு. திருவிழாவின் தொடக்கத்திற் குருக்கள் கையிற் கட்டிக்கொள்ளும் நூல் காப்பு. மணப்பெண்ணின் கையிற் பொன்னாய் விளங்குவதும் காப்பு. நம் முன்னோர் இவையனைத்தையும் ஒரே சொல்லில் அடக்கியமை தற்செயலாக நிகழ்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. வன்னி நிலத்தில் வெள்ளம் வந்து வயல் அழிந்தபோதும், வீட்டில் ஒருவர் நோயிற் கிடந்தபோதும், குடும்பத்தைத் தாங்கியது பெரும்பாலும் இல்லத்தரசியின் கையில் இருந்த அந்தப் பொன் வளையந்தான்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு வகையான காப்பு. அது பொன்னாற் செய்யப்பட்டதன்று. அதற்குப் பூட்டுமில்லை, சுரையுமில்லை. அடைவுகடைக்காரர் தம் தராசில் இட்டுப் பார்த்தால் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். ஆயினும், சென்ற நூற்றாண்டின் அணிகலக் கலையைப் பற்றி எழுதுவோர் எவரும் அதனை விட்டுவிட்டு எழுதுவதில்லை. அதனை ஆக்கியவர் சுவீடன் நாட்டிற் பிறந்த விவியானா தோருன் பூலோ-ஹூபே என்னும் பெண்மணி. கலையுலகம் அவரைச் சுருக்கமாகத் தோருன் என்றே அழைக்கின்றது.

தோருன் 1927ஆம் ஆண்டு மால்மோ என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். தந்தையார் நகரமைப்பு அறிஞர், தாயார் சிற்பி. கல்லிலும் களிமண்ணிலும் உருவம் எழுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த குழந்தை அவர். பின்னர்த் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமிற் கலைத்தொழிற் கல்லூரியிற் பயின்று, 1948இல், தமக்கு 21 வயது நிரம்பும் தறுவாயில், தம் முதலாவது கண்காட்சியை நடத்தினார். அக்காலத்தில் வெள்ளிப் பட்டறை என்பது ஐரோப்பாவிலும் ஆடவரின் ஆட்சிக்குட்பட்ட இடமாகவே இருந்தது. பெண்கள் அணிவதற்குரியதைப் பெண் ஒருத்தி பட்டடைக்கல்லில் வைத்து அடிப்பது புதுமையாகக் கருதப்பட்டது. நம் ஊர்களில் இன்றும் அஃது ஏறக்குறைய அப்படித்தான் என்பதை இடையிற் சொல்லி மேலே செல்கின்றேன்.

போர் முடிந்து சில ஆண்டுகளே கடந்திருந்த ஐரோப்பாவில் இளம் கைவினைஞர் ஒருவருக்குப் பொன்னும் வைரமும் எட்டாத பொருள்கள். தோருன் தொடக்கத்திற் பித்தளைக் கம்பியை முறுக்கினார்; மரத்துண்டைச் செதுக்கினார்; பின்னர் வெள்ளிக்கு வந்தார். பொன்னுக்குப் போகவேண்டிய வழியில் வெள்ளியோடு அவர் நின்றுவிட்டார் என்று எவரும் எண்ணவேண்டா. அவர் வெள்ளியை விரும்பித் தெரிந்துகொண்டவர். செல்வன் ஒருவன் தன் மனைவியின் கழுத்தில் தன் செல்வத்தைத் தொங்கவிட்டு ஊருக்குக் காட்டுவதும், விருந்து முடிந்ததும் அதனைக் கழற்றி வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதும் அவருக்குச் சிறிதும் உவப்பில்லாதவை. அணிகலன் ஒரு பெண்ணின் தோலோடும் அசைவோடும் நாள்முழுதும் வாழவேண்டும். அவள் உழைக்கும்போதும், குழந்தையைத் தூக்கும்போதும், ஆடும்போதும் அவள்மேல் இருக்கவேண்டும் என்பதே அவரது கொள்கை. அவர்தாமும் நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாயாவார். பட்டறைக்கும் தொட்டிலுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்த ஒருவருக்கு இக்கொள்கை நூல்களிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை.

1956இல் அவர் பிரான்சு நாட்டுக்குக் குடிபெயர்ந்தார். தென்பகுதியில், மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன பியோட் என்னும் பழைய ஊரில் வாழ்ந்தார். அங்குள்ள கடற்கரைகளில் அலை உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்களைப் பொறுக்கி, அவற்றை வெள்ளிக் கம்பியின் நுனியிற் கோத்தார். விலை மதிப்பில்லாத கல் ஒன்று, நன்கு வளைந்த வெள்ளிக்கோட்டின் முனையிற் பெண்ணின் கழுத்துக்குழியில் வந்து அமர்ந்தபோது, அது மாணிக்கத்துக்கு ஒரு படி குறைந்ததாக எவருக்கும் தோன்றவில்லை. ஓவியர் பிக்காசோவின் பழக்கம் அவருக்கு அக்கடற்கரைப் பகுதியிலேயே வாய்த்தது. பிற்காலத்திற் பிக்காசோ பெயரால் அமைந்த அந்திப் நகர் அரும்பொருளகத்தில் அவருடைய அணிகலன்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அமெரிக்கக் கறுப்பினப் பாடகியாகிய பில்லி ஹொலிடேயும், திரைநடிகையாகிய இங்கிரிட் பேர்க்மனும் அவர் செய்தவற்றை அணிந்தனர். 1960இல் ஸ்கந்தினேவிய நாடுகளின் சிறந்த வடிவமைப்பாளர்க்கு வழங்கப்பட்டுவந்த லுன்னிங் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நிற்க. அந்தக் காப்பின் அமைப்பைச் சிறிது விளக்கவேண்டும். அதன் சிறப்பு முழுவதும் அமைப்பிலேயே இருக்கின்றது.

நேயர்கள் தம் மணிக்கட்டைச் சற்றே உற்று நோக்குக. அது வட்டமன்று, இருபுறமும் தட்டையான நீள்வட்டம். ஆயினும் நாம் அணியும் காப்போ வட்டமானது. மேலும், மூடிய வளையம் ஒன்று கைக்குள் ஏறவேண்டுமாயின் அது மணிக்கட்டின் அளவுக்கு இருத்தல் போதாது. கையின் மிக அகன்ற பகுதியாகிய பெருவிரல் மூட்டைக் கடந்து வரவேண்டும். ஆதலின் ஏறியபின் அது கையில் தளர்ந்து மேலும் கீழும் ஓடும். அரிவாள் பிடிக்கும்போதும் துலாக்கயிற்றை இழுக்கும்போதும் தட்டுப்படும். கண்ணாடிக் காப்பு இடும்போது சிறுமியர் கையைப் பிசைந்து பிசைந்து கண்ணீர் விடுவதை நாம் கண்டிருக்கின்றோம். பூட்டு வைத்த காப்பில் இந்த இடர் இல்லை. எனினும் பூட்டு தேயும், ஆணி கழன்று விழும், சேலை நூலும் தலைமயிரும் அதிற் சிக்கும்.

தோருன் வளையத்தை ஓரிடத்தில் திறந்தே விட்டார். திறந்த முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் கடந்து நிற்கும். அல்லது ஒன்று மேலெழுந்து, மற்றது தாழ்ந்து, நடுவே ஒரு கல் ஊசலாடும். மணிக்கட்டின் மெல்லிய பக்கவாட்டை அந்த வாயினுள் நுழைத்துத் திருப்பினால், காப்பு தானே சென்று தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். அதன் வளைவு வட்டமாக இல்லாமல் கையின் வடிவத்தைப் பின்பற்றியமையால் அங்கும் இங்கும் ஓடாது. கழுத்தணிகளையும் அவ்வாறே ஆக்கினார். காறையெலும்பின் மேடும் பள்ளமும் எங்குள்ளன, தோள் எங்கே சரிகின்றது என்பவற்றைப் பார்த்துப் பார்த்து, வெள்ளியை அந்த வழியே ஓடவிட்டார். முன்னே மார்பில் முடியவேண்டிய அணியைச் சில வேளைகளில் முதுகுப்புறமாகவும் இறங்கவிட்டார்.

இஃது எவ்வாறு இயன்றது? இங்கேதான் உலோகத்தின் இயல்பு வருகின்றது. கலப்பற்ற வெள்ளி மிக மென்மையானது. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் எஞ்சியது செம்புமாகச் சேர்த்தால் அது போதிய உறுதி பெறும். அதனைச் சுத்தியலால் அடிக்க அடிக்க உள்ளமைப்பு நெருங்கி, இறுகி, வில்லைப்போல் விசைகொள்ளும். அளவுக்கு மிஞ்சி அடித்தால் வெடிக்கும். ஆதலின் இடையிடையே நெருப்பிற் காய்ச்சி இளக்கிக்கொண்டு மீண்டும் அடிக்கவேண்டும். எந்த அடியோடு நிறுத்துவது என்பதைக் கை அறியவேண்டும். புத்தகம் அதைச் சொல்லித் தராது. அவ்விசை இருப்பதாலேயே பூட்டில்லாத காப்பு கையைக் கவ்விப் பிடித்துக்கொள்கின்றது. நம் 22 கரட் பொன்னில் 91.6 வீதம் பொன், அது மென்மையானது, திறந்த காப்பாக அடித்தால் சில நாள்களில் வாய் அகன்றுவிடக்கூடும். தவிரவும், ஒரே பருமனுள்ள பொன் வெள்ளியைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு நிறையுடையது. கழுத்தைச் சுற்றி முதுகில் இறங்கும் அணியைப் பொன்னிற் செய்திருந்தால் அணிந்தவர் கழுத்தைத் திருப்புவதே கடினமாயிருக்கும். எனவே தோருனின் கொள்கையும் அவர் எடுத்த உலோகமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன எனலாம்.

இத்தகைய திறந்த வளையத்திலிருந்தே அவருடைய பெயரை நிலைநிறுத்திய பொருள் பிறந்தது. 1962இல் பாரிஸ் நகரத்து அலங்காரக் கலைகள் அரும்பொருளகம் ஒரு கண்காட்சியை நடத்தியது. தமக்குப் பிடிக்காத ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு பொருளை ஆக்கித் தருமாறு கலைஞர்கள் கேட்கப்பட்டனர். தோருனுக்குப் பிடிக்காதது கைக்கடிகாரம். மனிதனை மணிக்கு மணி விரட்டும் சாட்டையாகவே அவர் அதனைக் கண்டார். ஆகவே எண்களே இல்லாத ஒரு கடிகாரத்தைச் செய்தார். அதன் முகம் கண்ணாடிபோல் ஒளிரும். மணி பார்க்கக் குனிபவர் தம் முகத்தையே முதலிற் காண்பார். பட்டி இல்லை, கொளுக்கி இல்லை. ஒருபுறம் திறந்த வெள்ளிக் காப்பு ஒன்றின் முனையில் அம்முகம் அமர்ந்திருக்கும். காலம் கையைப் பூட்டிப் பிடிக்கக்கூடாது என்பது கருத்து. (பாடசாலை மணியோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு இக்கடிகாரத்தின்பால் உள்ள பரிவை நேயர்கள் ஊகித்துக்கொள்வார்களாக.)

டென்மார்க்கின் புகழ்பெற்ற வெள்ளி நிறுவனமாகிய ஜோர்ஜ் ஜென்சன் நிறுவனத்தார் 1967 முதல் அக்கடிகாரத்தைச் செய்து விற்கத் தொடங்கினர். பின்னர் துருப்பிடிக்காத உருக்கிலும் செய்தனர். அந்நிறுவனம் தோருனுக்குப் பொருந்திய இடமே. அதனை நிறுவிய ஜென்சன் ஒரு கத்திசெய் தொழிலாளியின் மகன். 1904இல் கொப்பன்ஹேகனிற் சிறு பட்டறை ஒன்றைத் திறந்து, வெள்ளியோடு அம்பர் என்னும் மரப்பிசின் கல்லையும் சந்திரகாந்தக் கல்லையும் வைத்து, நடுத்தரக் குடும்பத்துப் பெண்களும் வாங்கக்கூடிய நகைகளைச் செய்தவர் அவர்.

இவ்வெண்ணம் டென்மார்க்கிலும் தோன்றியதன்று. இங்கிலாந்திலே 1888இல் ஆஷ்பி என்பவர் இலண்டனின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு கைவினைஞர் குழுவை அமைத்தார். கல்லின் விலையை விட்டு வேலைப்பாட்டின் அழகைக் கொண்டே நகை மதிக்கப்படவேண்டும் என்று அக்குழுவினர் முயன்றனர். 1902இல் அவர்கள் கம்டன் என்னும் நாட்டுப்புற ஊருக்குக் குடிபெயர்ந்தனர். இங்கே நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. ஈழத்துத் தமிழராகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர், கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1907இல் அவ்வூருக்கு அருகிலேயே குடியேறினார். அவர் வாழ்ந்த பழைய தேவாலய இல்லத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் ஆஷ்பியே. இலங்கையின் கம்மாளர், தட்டார், தச்சர் ஆகியோரின் கலையைப் பற்றிக் குமாரசுவாமி எழுதிய 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் அவ்வில்லத்திலே அச்சாகி 1908இல் வெளிவந்தது. ஆஷ்பியின் குழுவோ, மலிவான பொறிசெய் நகைகளின் போட்டியைத் தாங்க மாட்டாமல், அதே ஆண்டளவில் கலைந்தது. கைவினையைப் புகழும் நூல் அச்சேறிய ஊரிலேயே கைவினைஞர் பட்டறை மூடப்பட்டமை சிந்திக்கத்தக்கது.

அதே இடர்ப்பாடு தோருனையும் விடவில்லை. தம் கையால் ஒன்றே ஒன்றாகச் செய்தவை பலரைச் சேரமாட்டா. பலரைச் சேரவேண்டின் தொழிற்சாலை வேண்டும். அவர் தொழிற்சாலையோடு உடன்பட்டார். 1968ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த மேபியஸ் என்னும் முறுக்கிய வளையப் பதக்கம் முதலியன அவ்வழியே பல நாட்டுப் பெண்களின் உடையில் ஏறின. ஆயினும் அவை ஏழைகளுக்கு எட்டும் விலையில் விற்கப்பட்டன என்று சொல்வது உண்மையாகாது. இன்று அவர் 1950களிற் செய்த கூழாங்கல் அணிகள் ஏலத்தில் பெரும் விலை பெறுகின்றன. வாங்கியவர்கள் அவற்றைப் பத்திரமாகப் பூட்டி வைக்கின்றார்கள். பூட்டை வெறுத்த பெண்மணியின் படைப்புக்கு நேர்ந்த கதி இது.

இவ்வளவையும் கேட்ட வன்னிப் பெண் ஒருத்தி என்னிடம், "ஐரோப்பாக்காரிக்கு வெள்ளியும் கல்லும் போதும். எனக்குப் போதுமா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவள் கேள்வியில் நியாயம் உண்டு. தருமபுரத்திலும் விசுவமடுவிலும் நெல் விதைக்கும் காலம் வந்தால் காப்பு அடைவுக்குப் போகும். அறுவடை முடிந்தால் மீண்டு வரும். மகன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் சங்கிலி போகும். எங்கள் வகுப்பறைகளில், தோடு இருக்கவேண்டிய காதில் ஈர்க்குத் துண்டோ வேப்பங்குச்சியோ செருகிய சிறுமியர் அமர்ந்திருப்பார்கள். துளை தூர்ந்துவிடக்கூடாது என்பதற்காகத் தாய் செருகிவிட்டது அது. அந்த ஈர்க்கைக் கண்டதும் அவ்வீட்டின் வரவுசெலவு முழுவதும் ஆசிரியருக்கு விளங்கிவிடும். பொன் இல்லாதிருந்தால் அந்த வயல் தரிசாகியிருக்கும். ஆகவே பொன்னை இகழ்ந்து பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதற்கு நாம் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சேமிப்பையும் அணியையும் ஒன்றாக்கியமையால், நம் நகைக்கு நிறை ஒன்றே மதிப்பாயிற்று. கடைக்குச் சென்றால் எத்தனை பவுண் என்பதே முதற் கேள்வி. வேலைப்பாட்டுக்குத் தரும் பணத்தைச் செய்கூலி என்கின்றோம்; செய்யும்போது போவதைச் சேதாரம் என்கின்றோம்; விற்கும்போது இரண்டும் இழப்பென்று முகம் சுளிக்கின்றோம். கலைஞனின் உழைப்பை இழப்பின் கணக்கில் எழுதும் இடத்திற் கலைஞன் எங்ஙனம் நிலைப்பான்? ஊதுலையும் குறடும் வைத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் இருந்த பத்தர், இன்னாருக்கு இன்ன காப்பு என்று கையைப் பார்த்தே அளவு சொல்வார். ஒரு காப்பைக் கண்டால் இது இன்னாரின் வேலை என்றும் சொல்வார். இன்று அச்சில் வார்த்த நகை கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வந்துவிட்டது. ஒன்றைப்போல் ஒன்று, எவர் கைக்கும் பொருந்தும், எவர் கைக்கும் உரியதன்று.

அணிபவளின் நலமும் இதில் அடங்கியிருக்கின்றது. உடம்பில் அணிந்தது சேமிப்பு என்றால் அது கள்வனுக்கும் தெரியும். பொன் சங்கிலி அணிந்து தனிவழி போகும் பெண் அஞ்சி அஞ்சியே போகின்றாள். அஞ்சியவள் அதைக் கழற்றி அலுமாரியில் வைக்கின்றாள். திருமணத்துக்கு மட்டும் எடுக்கின்றாள். பின் அன்றாடம் அவள் கையில் என்ன இருக்கின்றது? ஒன்றும் இல்லை, அல்லது சில மாதங்களிற் கறுத்துப்போகும் பூச்சு நகை. தன் உழைப்போடு ஒட்டி வாழும் அழகிய பொருள் ஒன்று அவளுக்குக் கிடைப்பதில்லை. தோருன் நிரப்ப முயன்றது இந்த வெற்றிடத்தையே.

போரின் இறுதிக் கட்டத்தில், 2009ஆம் ஆண்டின் முதன் மாதங்களில், பரந்தன் முல்லைத்தீவு வீதி வழியே தருமபுரத்தைக் கடந்து கிழக்கு நோக்கிப் போன மக்கள் தம் பொன்னைச் சேலைத் தலைப்பிலும் குழந்தையின் உடுப்பிலும் முடிந்துகொண்டு போனார்கள். புதைத்தவர் உண்டு, ஒரு படி அரிசிக்கு மாற்றியவர் உண்டு, இழந்தவர் எண்ணில்லாதோர். அக்காலத்தில் மீட்கப்பட்ட ஆயிரக்கணக்கான நகைகளை 2025 மே மாதத்தில் இராணுவத்தினர் பொலிசாரிடம் கையளித்தனர். உரியவர்களிடம் சேர்ப்பிப்பது நோக்கம் என அறிவிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகளின் பின் ஒரு பெண் அக்குவியலின் முன் நின்றால், தன் காப்பை அவள் எதனைக்கொண்டு இனங்காண்பாள்? நிறை சொன்னாற் போதாது. அதே நிறையில் நூறு காப்புகள் இருக்கும். பத்தர் வைத்த ஒரு பூவிதழ், கை தேய்த்த ஒரு பக்கம், பூட்டின் அருகே பொடிவைத்து ஒட்டிய ஒரு தழும்பு ஆகியவையே அவளுக்குச் சாட்சி. தராசு மதிக்காத அந்த வேலைப்பாடுதான் அங்கே பேசவேண்டியிருக்கின்றது.

தோருன் 1978இல் இந்தோனேசியாவின் தலைநகராகிய ஜக்கார்த்தாவுக்குச் சென்று, நம் பெருங்கடலின் மறுகரையிற் பல ஆண்டுகள் வாழ்ந்து தொழில் செய்தார். 1992இல் பாரிஸ் அலங்காரக் கலைகள் அரும்பொருளகம் அவருடைய வாழ்நாட் படைப்புகளை ஒருங்கே காட்சிக்கு வைத்தது. 2004இல் கொப்பன்ஹேகனில், 76ஆம் வயதிற் காலமானார். எண்ணில்லாத அந்தக் கடிகாரமும் திறந்த காப்புகளும் இன்றும் செய்யப்படுகின்றன. சித்திரம் பயிலும் எங்கள் மாணவியர் சிலருக்கு அவற்றின் படங்களை அண்மையிற் காட்டினேன். ஒருத்தி தாளை எடுத்துத் தன் மணிக்கட்டைச் சுற்றி அளந்து, "சேர், இது வட்டமாக இல்லையே!" என்றாள். அடுத்த வாரம் அவள் செப்புக் கம்பியில் ஒன்றை வளைத்துக்கொண்டு வந்தாள். முனைகள் சற்றுக் கூராக இருந்தன. அரத்தால் தேய்க்கும்படி சொன்னேன்.